தம்பிக்கு ஒரு கூரை

லிங்கராஜபுரம்
ஜூன் 8, 2025

அன்பு மகள் ஜெனிஃபருக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் எஸ்தர் குட்டியும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். எஸ்தருக்கு இருமல் விட்டதா? அயர்லாந்தில் ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கிறது என்றாய். பிள்ளையின் காதை மூடி வெளியே கூட்டிப் போ.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஃபிராங்க்ளின் பெயரை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். எனக்குக் கோபம் இல்லை. கடிதத்தையும் நீ கிழித்துப் போடலாம். அதற்கு முன்னால் ஒரு பக்கமாவது கண்ணில் படும் அல்லவா, அதற்காக எழுதுகிறேன்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். உன் மாமா என் வீட்டில்தான் இருக்கிறான். நன்னடத்தை என்று ஏப்ரலில் ஜெயிலிலிருந்து விட்டார்கள். சுப்பு அத்தையை அவன் அடித்துக் கொன்றது உனக்கு மறந்துபோச்சா அம்மா என்று கேட்டாய். மறக்கவில்லை. கோலார் பக்கம் ஆண்டர்சன்பேட்டையில் அவர்கள் வீட்டின் தரையைக் கழுவியவள் நான். சுப்புலக்ஷ்மி என்று போலீஸ்காரருக்கு அவள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னவளும் நான்தான். குடி, சந்தேகம் என்று கோர்ட்டில் என்னென்னவோ சொன்னார்கள். பக்கத்து அறையில் தான் பெற்ற ஐந்து வயசு சௌம்யா விழித்திருக்க, அவள் அம்மாவை அப்படிச் செய்தான். அதற்கு எந்தக் காரணமும் காரணம் ஆகாது. சுப்பு உனக்குத் தலை பின்னிவிட்டதும், லீவுக்குப் போனால் உன்னை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்ததும் எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. மன்னிக்க நான் யார்? செத்தது என் பிள்ளையா? நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

வெளியே வந்ததும் நம் சபையில் பின்பக்க அறையைக் கொடுத்தார்கள். நாற்காலி அடுக்கி வைப்பார்களே, அந்த அறை. சில வாரம் இருந்தான். பிறகு மூப்பர்கள் கூடிப் பேசி, ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிற இடம், பெற்றோர் கேள்வி கேட்கிறார்கள் என்றார்கள். உங்களுக்காக ஜெபிக்கிறோம் பிரதர் என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, மரியாதையாகத்தான் செய்தார்கள். ரூம் கேட்டுப் போன இடத்தில் எல்லாம், இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லியிருக்கிறான். ஒரு முதியோர் இல்லத்தில் எடுபிடி வேலைக்கு இருக்கிறேன் என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் பிறகு போனை எடுக்கவில்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம், பெரிய மழை. நான் காய்கறிப் பையோடு மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கினேன். அங்கே அவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா என்று கூப்பிட்டிருந்தால் ஒருவேளை நான் நடந்து போயிருப்பேன். கூப்பிடவில்லை. எழுந்திரு, வீட்டுக்கு வா என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை ஜெனி. யோசித்திருந்தால் உன்னைத்தான் முதலில் யோசித்திருப்பேன்.

அவன் எப்படி இருக்கிறான் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. குடிப்பதில்லை. விடியும் முன்னே எழுந்து தண்ணீர் பிடித்து வைத்துவிடுகிறான். ஃப்ரிட்ஜைத் திறக்க என்னிடம் கேட்கிறான். வெளியே போய்விட்டு வந்தால், "அக்கா, கதவ மூடவா, தெறந்தே இருக்கட்டுமா?" என்று நிற்கிறான். உன் வீடு மாதிரி இரு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பொய் சொல்லாமல் எழுதுகிறேன். எனக்கும் சில நேரம் பயமாக இருக்கிறது. போன வாரம் சோறு குழைந்துவிட்டது. என்னக்கா இது என்று கொஞ்சம் குரல் உயர்த்திக் கேட்டான். எந்த வீட்டிலும் ஆம்பிளைகள் கேட்பதுதான். ஆனால் நான் என்னை அறியாமல் ஒரு அடி பின்னால் போனேன். அதை அவன் பார்த்துவிட்டான். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய் மாடிப்படியில் உட்கார்ந்தான், பொழுது சாயும்வரை உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வீட்டு ஓனர் ஆண்ட்ரூவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல மனுஷன், உன் அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரிக்கும் கல்லறைக்கும் ஓடியவர். அவர் வந்து, "ஸ்டெல்லாக்கா, நான் கெட்டவன் இல்ல. எனக்கு ரெண்டு பொண்ணு. நீங்க எத்தன வருஷம் வேணா இருங்க, அவர் வேணாம்" என்றார். அவன் போனால் நானும் போகிறேன் என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் இரக்கம் இருக்கிறது. தன் காம்பவுண்டுக்கு வெளியே இருக்கிறது. அன்றைக்கு அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

டிசம்பரில் வருவதாகச் சொன்ன பேச்சை மாற்றாதே. எஸ்தரை நான் இன்னும் தூக்கியதில்லை. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகின் கீழ் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
ஸ்டெல்லா


லிங்கராஜபுரம்
ஜூலை 20, 2025

அன்பு ஜெனிக்கு,

உன் பதில் போனில் மெசேஜாக வந்தது. அவன் இருக்கிற வீட்டுக்கு எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று ஒரே வரி. நானும் உன் இடத்தில் இருந்தால் அதையே எழுதியிருப்பேன். அந்த வரியை மாற்றச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. டாக்டர் கொடுத்த தைலம் வாசனையாக இருக்கிறது, வேறு பலன் இல்லை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. துணி காய மாட்டேன் என்கிறது.

போன வியாழக்கிழமை தமயந்தி வந்தாள். சுப்புவின் அக்கா. கேஸ் முடிந்த பிறகு அவளை நான் பார்த்ததே இல்லை. சௌம்யாவை வளர்த்தவள் அவள்தான் என்று உனக்குத் தெரியும். அவர்கள் இன்னும் கோலாரில்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சௌம்யாவுக்கு இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்து, ஜனவரியிலேயே லிங்கராஜபுரத்துக்கு வந்துவிட்டார்களாம். நம் தெருவுக்கு மூன்று தெரு தள்ளித்தான் வீடு. இது எனக்குத் தெரியாது ஜெனி. சத்தியமாகத் தெரியாது.

உள்ளே வாம்மா என்றேன். வரவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். ஆண்ட்ரூ வீட்டு ஜன்னல் திறந்தது எனக்குக் கேட்டது. அவள் சத்தம் போடவில்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவள் மாதிரி, மெதுவாகப் பேசினாள்.

"உங்க தம்பிய ரோட்ல விடுங்கன்னு சொல்ல வரலக்கா. சோறு போடுங்க, படுக்க எடம் குடுங்க. கூடப் பொறந்தவங்க நீங்க, உங்களுக்கு மனசு கேக்காது. ஆனா சௌம்யா பத்து நாளா வேலைக்குப் போகல" என்றாள்.

பேக்கரிக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள் சௌம்யா. ஃபிராங்க்ளின் பிரெட் வாங்கிக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில்தான் ரோடு தாண்ட நின்றிருக்கிறான். "அவருக்கு அவள அடையாளம் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்தவ பாத்ரூம்ல போய்க் கதவ சாத்திக்கிட்டா. அம்மா மாதிரியே நானும் போயிடுவேனா பெரியம்மான்னு கேக்குறா. வளந்த பொண்ணுக்கா, ஊசி போட்டு நூறு பேருக்கு ரத்தம் எடுக்குறவ. இப்ப வாசலுக்கு வரமாட்டேங்குறா."

பிறகு, "அவர் தண்டனைய முடிச்சிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. சரி. அவர் எங்கயோ இருந்துட்டுப் போகட்டும். எங்க ஏரியாவுல எதுக்குக்கா? நீங்க எரக்கப்பட்டீங்க, வீட்டுக்குள்ள அடஞ்சு கெடக்கிறது எங்க பொண்ணு" என்றாள்.

ஆண்ட்ரூ பேசியபோது எனக்குக் கோபம் வந்தது, பதிலும் வந்தது. தமயந்தியிடம் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கும் என் வயசுதானே.

ஃபிராங்க்ளின் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்தவன், "எந்தப் பொண்ணுக்கா?" என்று கேட்டான். எனக்குப் புரியவில்லை. பேக்கரிக்கிட்ட பஸ்ஸுக்கு ரெண்டு மூணு பொண்ணுங்க நின்னாங்க, அதுல எது சௌம்யா என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தபடியே நின்றான். ஒவ்வொரு முகமாக நினைவுபடுத்திப் பார்க்கிறான் என்று தெரிந்தது. அவனால் முடியவில்லை.

ஜெனி, அந்த நேரம் அவன்மேல் எனக்கு எவ்வளவு வெறுப்பு வந்தது, எவ்வளவு பரிதாபம் வந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவன் போய்ப் பையை எடுத்தான். எங்கே போகிறாய் என்றேன். "எந்தப் பக்கம் போனா அவ கண்ணுல படமாட்டேன், அத மட்டும் சொல்லுங்கக்கா, போயிடுறேன்" என்றான். மறுபடியும் ஏதோ ஒரு பாலத்துக்குக் கீழே போய் உட்காருவான். அங்கேயும் யாராவது ஒரு தமயந்தி இல்லாமலா இருப்பாள்? எந்த ஊரிலும் அவன் யாருக்கோ பயம்தான்.

உட்காரு, ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வராதே, நான் பார்க்கிறேன் என்றேன். அதை அப்படியே தமயந்தியிடமும் போய்ச் சொன்னேன், அவள் வாசலில் நின்று. அவளும் என்னை உள்ளே கூப்பிடவில்லை. நியாயம்தான். உள்ளே ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பகலிலேயே லைட் எரிந்தது. டிவி சத்தம் மட்டும் கேட்டது.

ஜெயிலில் அவனோடு இருந்து முன்னாலேயே விடுதலையான கோவிந்தராஜன் என்று ஒருவர் சந்தாபுராவில் இருக்கிறார். தொழிற்சாலைகளுக்கு மரப்பெட்டி அடிக்கும் ஷெட் வைத்திருக்கிறார். ஃபிராங்க்ளின் ஜெயிலில் தச்சுவேலை கற்றவன். போன் செய்தேன். வேலை தருகிறேன், ஆனால் ஷெட்டில் படுக்க இடம் இல்லை, இங்கே தனி ஆளுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள், குடும்பம் என்றால் பார்க்கலாம் என்றார்.

குடும்பம் என்றால் நான்தான். வேறு யார்?

இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியவில்லை. உன்னைவிட அவன் பெரிதா என்று கேட்பாய். அப்படி இல்லை கண்ணு. நீ நல்ல இடத்தில் இருக்கிறாய். உன்னைக் கவனிக்க ஆள் இருக்கிறது. அவனுக்கு என்னை விட்டால் வேறு யாரும் கிடையாது. அதே நேரம் அவனை வைத்துக்கொள்வதற்காகச் சுப்புவின் பிள்ளையை இருட்டில் உட்கார வைக்கவும் என்னால் முடியாது. முப்பது வருஷமாக இருந்த தெரு இது, உன்னைப் பெற்றுத் தூக்கி வந்த வீடு. விட்டுப் போவது சுலபமாக இருக்கிறது என்று எழுதினால் அது பொய்.

ஆண்ட்ரூவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நீங்க போக வேணாம்க்கா என்றார். அவரோடு எனக்கு இப்போது எந்தக் கோபமும் இல்லை.

பிள்ளைக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு. எனக்காக ஜெபம் பண்ண மனசு வராவிட்டாலும், சௌம்யாவுக்காகப் பண்ணு.

உன் அம்மா


சந்தாபுரா
செப்டம்பர் 14, 2025

அன்பு மகளுக்கு,

மேலே போட்டிருக்கும் ஊரைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். வந்துவிட்டோம்.

சாமான் ஏற்றுகிற அன்று தெருவில் யாரும் வரவில்லை. ஆண்ட்ரூவின் பெரிய பெண் மட்டும் வந்து பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். ஃபிராங்க்ளின் டெம்போவின் பின்னால், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து வந்தான். முன்னால் இடம் இருந்தது, உட்காரவில்லை. ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தான் போல.

இங்கே ஒரே அறை, ஒரு சமையல் மறைப்பு. மேலே தகர ஷீட். வெயிலில் வேகிறது, மழையில் காது அடைக்கிறது. அவன் வெளி வராந்தாவில் பலகை போட்டுத் தூங்குகிறான், நான் உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறேன். தாழ் போடச் சொன்னது அவன்தான்.

வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர், ஜயம்மா என்று பெயர். புருஷன் இல்லை, எருமை வைத்துப் பால் ஊற்றுகிறார். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பிறகு தெரிந்து வெளியே போங்கள் என்றால் இன்னொரு தடவை சாமான் தூக்க எனக்குத் தெம்பு இல்லை. அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். "யாக்கம்மா ஹேளிதிரி?" என்றார். ஏன் சொன்னீர்கள் என்கிறார். சொல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாக வாடகைக்கு விட்டிருப்பேன், இப்போது இதை நானும் அல்லவா சுமக்க வேண்டும் என்றார். சரி, வேண்டாம் என்றால் சொல்லுங்கள், போகிறோம் என்றேன். எழுந்து போய் எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தார். தன் மகள் வருகிற நாளில் மட்டும் ஃபிராங்க்ளின் வீட்டில் இருக்க வேண்டாம் என்றார். ஒத்துக்கொண்டோம். அந்த நாட்களில் அவன் ஷெட்டிலேயே வேலை முடியும்வரை இருந்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து, அந்தப் பெண் போன பிறகு வருகிறான்.

வேலைக்கு ஒழுங்காகப் போகிறான். கோவிந்தராஜன் குறை ஒன்றும் சொல்லவில்லை. சம்பளத்தில் பாதியைச் சௌம்யாவுக்கு அனுப்ப முடியுமா என்று ஒரு நாள் கேட்டான். தமயந்தியிடம் கேட்கிறேன் என்று சொன்னேன். கேட்டேன். வேண்டாம், அவரிடமிருந்து எதுவும் வர வேண்டாம், அவர் பெயர் கூட வேண்டாம் என்றாள். அதையே வந்து சொன்னேன். சரி என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

தமயந்தியோடு பேசிய அந்தப் போனை வைப்பதற்கு முன் நானே துணிந்து, சௌம்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "வேலைக்குப் போறா" என்றாள். அந்த இரண்டு வார்த்தை போதும் ஜெனி. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது சரியா தப்பா என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. மறுநாளே அந்த நிம்மதி போய்விட்டது, அது வேறு விஷயம்.

இங்கே ஒரு சின்ன தமிழ்ச் சபை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போகிறேன். அவன் வருவதில்லை. ஒரு நாள் அவனிடம் கேட்டுவிட்டேன், ஏண்டா அப்படிச் செய்தாய் என்று. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவன் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தான், கை நின்றுவிட்டது. "எதச் சொன்னாலும் அவ மேல பழி போட்ட மாதிரி ஆயிடும்க்கா. அவ மேல ஒண்ணும் இல்ல" என்றான். அவ்வளவுதான். அதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை. களைப்பாகத்தான் இருந்தது. போய்ப் படுத்துவிட்டேன்.

இவ்வளவு செய்யத் தகுந்தவனா அவன் என்று நீ கேட்பாய். தகுதி பார்த்திருந்தால் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் கொடுத்திருக்க முடியாது. யாராவது ஒருத்தர் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அது அவனால் அடிபட்டவர்களாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கண்டுபிடித்தது. இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை.

எனக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது. பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், கவலைப்பட ஒன்றும் இல்லை. வயசு அறுபத்தைந்து ஆகப் போகிறது. எனக்குப் பிறகு அவன் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அதை உன்னிடம் கேட்க மாட்டேன். நீ பயப்படாதே.

கேட்பது ஒன்றுதான். டிசம்பரில் வா. இந்த வீட்டுக்கு வர வேண்டாம், அவனைப் பார்க்க வேண்டாம், அவன் பெயரைச் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையின் அண்ணன் அடுகோடியில்தானே இருக்கிறார், அங்கே தங்கு. நான் வருகிறேன். சந்தாபுராவிலிருந்து நேர் பஸ் இருக்கிறது. எஸ்தரை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறேன்.

உன்னையும் உன் வீட்டுக்காரரையும் பிள்ளையையும் கர்த்தர் எந்தத் தீங்கும் அணுகாமல் காக்கட்டும். உன் வாசலில் யாரும் அழுதுகொண்டு வந்து நிற்கும் நாள் உனக்கு வராமல் இருக்கட்டும். வந்த அன்றே போன் பண்ணு. நான் தனியாகத்தான் வருவேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா